கண்ணாடிப் பேழையும் நான்காவது ஆளும்

விடுமுறை நாளில் பிள்ளை குட்டிகளோடு பட்டணத்திற்கு வந்து பொருட்காட்சிச்சாலையைச் சுற்றிப் பார்த்தவர்கள் நம் வாசகர்களில் அநேகர் இருப்பர். அங்கே அவர்கள் கண்ணில் முதலிற் பட்டது சிலையுமன்று, சித்திரமுமன்று. “தொடாதீர்கள்” என்னும் பலகையே. பிள்ளையின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு நாமும் அதற்குக் கீழ்ப்படிந்து நடக்கிறோம். நியாயமான கட்டளைதான். ஆயினும் அந்தப் பலகை ஒரு கேள்வியை மறைத்து நிற்கிறது. நாம் தொடக்கூடாதென்றால், தொட்டவர் யார்? கல்லாலான சிலை தானே நடந்து வந்து பீடத்தில் ஏறிற்றா? ஆளுயரப் படம் தானாகவே சுவரில் தொங்கிற்றா? கலை விமர்சகர்கள் கோட்டையும் வர்ணத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இந்தக் கேள்வியை மட்டும் வாசற்படியிலேயே செருப்போடு விட்டுவிட்டு உள்ளே போகிறார்கள்.

இதனை விடாமற் பற்றிக்கொண்டு உள்ளே சென்ற கலைஞர் ஒருவர் உண்டு. அமெரிக்க நாட்டு டென்வர் நகரில் 1939-ம் ஆண்டு பிறந்த மியர்லே லேடர்மன் யூக்கல்ஸ் என்னும் அம்மையாரே அவர். 1968-ல் அவருக்குக் குழந்தை பிறந்தது. கலைஞராக வாழ விரும்பியவர் நாள் முழுதும் துவைப்பதும் துடைப்பதும் ஊட்டுவதுமாக இருக்கக் கண்டார். மறு ஆண்டு, 1969-ல், ஓர் அறிக்கை எழுதினார். உலகத்து வேலைகளெல்லாம் இரண்டு வகை. ஒன்று புதியதைப் படைப்பது, மற்றொன்று படைத்ததைப் பேணிக் காப்பது. முன்னதற்குப் புகழும் பின்னதற்குக் குறைந்த கூலியும் கிடைக்கின்றன. ஆகவே பேணும் வேலையையே நான் கலையென்று சொல்லிக் காட்சிக்கு வைக்கப் போகிறேன் என்பது அவ்வறிக்கையின் சாரம். கோபத்தில் எழுதியதென்று ஒதுக்கத் தக்கதன்று அது. கணக்குப் பார்த்து எழுதியது.

அவர் சொன்னதைச் செய்து காட்டிய இடம், கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்போர்டு நகரிலுள்ள வாட்ஸ்வர்த் அத்தீனியம் என்னும் பழைய பொருட்காட்சிச்சாலை. 1973-ம் ஆண்டு ஜூலை மாதம் 20-ம் தேதி, எகிப்திய மம்மி ஒன்றை வைத்திருந்த கண்ணாடிப் பேழை அங்கே மூன்று கைகளைக் கண்டது. அப்பேழையை வழக்கமாகத் துடைத்துவந்த துப்புரவுத் தொழிலாளி முதலில் துடைத்தார். அதன்பின் யூக்கல்ஸ் அம்மையார், குழந்தைகளுக்குக் கட்டும் அரைத்துணியைக் கையிலெடுத்து அதே கண்ணாடியை அதே விதமாகத் துடைத்து, அது தம்முடைய கலைப்படைப்பு என்று முத்திரை குத்தினார். முத்திரை விழுந்ததும் சட்டம் மாறிவிட்டது. கலைப்பொருளைத் தொடத் துப்புரவுத் தொழிலாளிக்கு அதிகாரமில்லை. ஆகவே மூன்றாவதாக, செப்பனிடும் நிபுணர் வந்து கண்ணாடியின் நிலையைப் பரிசோதித்து அவர் கையால் துடைக்கவேண்டியதாயிற்று. நேற்றுவரை தினந்தோறும் துடைத்த தொழிலாளி, இன்று தொடத் தகாதவரானார்.

சில நாள் கழித்து அம்மையார் அதே கட்டடத்தின் வெளிவாயிற் படிகளை நான்கு மணி நேரமும் உட்கூடத்துத் தரையை நான்கு மணி நேரமும் கழுவினார். பார்க்க வந்தோர் நடக்க நடக்கக் கால்தடம் பதிந்தது. பதியப் பதியத் துடைத்தார். அந்தக் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மண்டியிட்டுக் குனிந்த ஒரு பெண். அவரைச் சுற்றி நின்றும் நடந்தும் போகும் கால்கள்.

இதிலே கலை என்ன இருக்கிறது என்று கேட்பார் கேட்கட்டும். பேழையின் கதையை நாம் பெரிதாக மதிக்கிறோம். ஏனெனில், ஒரு வேலைக்கு மதிப்புத் தருவது வேலையன்று, செய்பவரின் படி என்பதை அது ஒரு சொல்லும் பேசாமல் மெய்ப்பித்துவிட்டது. கண்ணாடி ஒன்றே; தூசும் ஒன்றே; கை மாறியது, பெயர் மாறியது. முன்னாளையத் தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று. புண்ணைக் கழுவியவர் ஆயாவானால் அது கூலி வேலை. அதே வெந்நீரும் பஞ்சும் டிரெசர் கைக்குப் போனால் அது வைத்தியம். தொடலாமா, தொடக்கூடாதா, தொட்டால் என்ன ஆகும் என்னும் கேள்விகளையும் நம்மவர் ஹார்ட்போர்டிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் அப்படைப்பிலே ஒரு குறை காண்கிறோம். அது சிறிய குறையன்று.

துப்புரவுத் தொழிலாளி, கலைஞர், நிபுணர் ஆகிய மூவரும் அந்த நாடகத்தில் வருகின்றனர். நான்காவது ஆள் ஒருவர் வரவில்லை. அந்தப் பேழை அவ்விடத்திற்கு எப்படி வந்தது? கனத்த கண்ணாடியை எவர் தூக்கிப் பொருத்தினார்? உள்ளே கிடக்கும் உளுத்த மரமும் உலர்ந்த துணியும் நொறுங்காமல் எவர் கையிலேந்தி இறக்கினார்? பொருட்காட்சிச்சாலைகளில் இதற்கென்றே ஊழியர் இருக்கின்றனர். பெட்டியிலிருந்து எடுப்பவர், பீடத்தில் ஏற்றுபவர், சுவரில் மாட்டுபவர், மறுபடியும் இறக்கிக் கட்டி அனுப்புபவர் யாவரும் அவர்களே. துடைப்பவருமல்லர், படித்த நிபுணருமல்லர். இரண்டுக்கும் நடுவே நிற்பவர்கள். அவர்களை விட்டுவிட்டதால் அம்மையாரின் வாதம் பாதி உண்மையில் நின்றுவிட்டது. கைகளுக்கிடையே வேற்றுமை பதவியால் மட்டும் வருகிறதென்று அப்பேழை சொல்கிறது. துணி பிடிக்கும் வேலைக்கு அது பொருந்தும். தூக்கும் வேலைக்குப் பொருந்தாது. ஏனென்றால் தூக்குபவர் கையில் ஒரு கல்வி இருக்கிறது.

அந்தக் கல்வியைச் சற்று விரித்துச் சொல்வோம். ஜாடியைக் காதிலோ கழுத்திலோ விளிம்பிலோ பிடித்துத் தூக்கலாகாது; எங்கே ஒட்டு இருக்கிறதோ அங்கேதான் உடையும்; ஒரு கை அடியிலும் மற்றொரு கை உடலிலுமாக ஏந்தவேண்டும். மோதிரமும் கைக்கடிகாரமும் முன்னதாகவே கழற்றப்படும். படத்தைச் சட்டத்தின் மேற்கட்டையைப் பிடித்துத் தூக்கினால் சட்டம் பிளந்து கையோடு வரும். பொருளைத் தூக்குமுன் அது போகப்போகும் வழியை வெறுங்கையோடு நடந்து பார்க்கவேண்டும். எந்தக் கதவு எப்பக்கம் திறக்கும், எந்தப் படி உயரம், திரும்புமிடத்தில் அகலம் போதுமா என்று. நால்வர் தூக்கினாலும் கட்டளை சொல்லும் வாய் ஒன்றே. தூரதேசத்திலிருந்து வந்த பெட்டியை வந்தவுடன் திறப்பதில்லை. உள்ளிருக்கும் மரமும் வர்ணமும் புதிய அறையின் குளிருக்கும் ஈரத்திற்கும் பழகும்பொருட்டு ஒரு நாளாவது அப்படியே விடுவது வழக்கம். முன்னாளில் எதற்கும் வெள்ளைப் பருத்திக் கையுறை அணிந்தார்கள். பருத்தி வழுக்கும், நூல் சிக்கும் என்று கண்டு, இப்போது பல பொருள்களுக்கு நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் கையுறையை அணிகிறார்கள்.

இவற்றில் பல இப்போது ஏட்டில் ஏறிவிட்டன. ஆனால் ஏட்டில் ஏறாத பகுதியே பெரிது. பால்மரம் சீவியவர்களுக்கு இது விளங்கும். கத்தி மயிரிழை ஆழம் கூடினால் மரத்திற்குக் காயம், குறைந்தால் பாலில்லை. அந்த மயிரிழையை எந்தக் கிராணியும் கணக்கேட்டில் எழுதிக் காட்டியதில்லை. அது கைக்குத் தெரியும்.

கையை எடுத்துவிட்டால் பொருள் பத்திரம் என்று எண்ணுவதும் பேதைமையே. நியூயார்க் மெட்ரோபாலிடன் பொருட்காட்சிச்சாலையில் தூல்லியோ லொம்பார்தோ என்னும் இத்தாலிய சிற்பி 15-ம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கிய ஆதாமின் சலவைக்கல் சிலை நின்றது. 2002-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி மாலை அது கீழே விழுந்து நொறுங்கிற்று. எவரும் தொடவில்லை. அடியிலிருந்த மரப்பீடம் நலிந்து சரிந்துவிட்டது. பொறுக்கி ஒட்டி மறுபடி நிறுத்த ஏறத்தாழ 12 ஆண்டுகள் பிடித்தன. 2014 நவம்பரில்தான் அச்சிலையை மக்கள் மீண்டும் கண்டனர். அசையாமல் நிற்பதும் எவரோ செய்து வைத்த வேலைதான்.

நான்காவது ஆளை முழு உருவில் காணவேண்டுமானால் 1939-ம் ஆண்டின் பாரிஸ் நகருக்குச் செல்லவேண்டும். யுத்தம் நெருங்கிற்று. ஆகஸ்டு மாத இறுதியில் லூவர் பொருட்காட்சிச்சாலையைக் காலி செய்யத் தொடங்கினார்கள். சாமான் கட்டுவதில் தேர்ந்த கைகள் போதவில்லை; ஆகவே பாரிஸின் பெருங்கடைகளிலிருந்து மூட்டை கட்டும் ஊழியர்களைத் தருவித்தார்கள். நேற்றுவரை சீமாட்டிகளின் பீங்கானைக் கட்டிய கைகள் இன்று லியோனார்தோவின் படங்களைக் கட்டின. வெரோனேசே தீட்டிய கானா ஊர்த் திருமண விருந்தின் சித்திரம் ஏறத்தாழ 10 மீட்டர் அகலம். அதை உருளையில் சுற்றிவிட்டார்கள். ஜெரிக்கோவின் ‘மெடூசாவின் தெப்பம்’ அதைவிடச் சிறியதே. ஆயினும் அதனைச் சுற்ற முடியவில்லை. அதன் கரிய நிறத்தில் கலந்திருந்த கீல் வெடித்து உதிர்ந்துவிடும். எனவே 5 மீட்டர் உயரமும் 7 மீட்டர் அகலமுமான அப்படத்தை விரித்தபடியே, நாடகசாலையின் திரைச்சீலைகளை ஏற்றிச் செல்லும் நீண்ட வண்டியில் நிறுத்திக் கொண்டுபோனார்கள். வெர்சேல்ஸ் ஊருக்குள் போகையில் அது தெருவின் மேலே சென்ற மின்கம்பிகளில் சிக்கிற்று. சுற்றத்தக்கது எது, சுற்றத்தகாதது எது என்று அறிவது கலையறிவா, கூலியறிவா? வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

செப்டம்பர் 3-ந் தேதி பிரான்சு யுத்தத்தில் இறங்கிற்று. அன்றே சாமோத்திரேஸ் தீவின் வெற்றித் தெய்வம் படியிறங்கிற்று. 1863-ல் துண்டு துண்டாகத் தோண்டியெடுத்து இணைத்த சிலை அது, தலையில்லை, கைகளில்லை, விரித்த சிறகுகள் மட்டும் உண்டு. பெரிய மாடிப்படியின் உச்சியில் நிற்பது. படிகளின்மேல் சரிவாகப் பலகையடித்து, சிலையை மரச்சட்டத்துள் நிறுத்தி, கயிறும் கப்பியும் கொண்டு அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். ஒரு கயிறு நழுவினால் ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட சலவைக்கல் மீண்டும் துண்டுகளாகும். நழுவவில்லை. அது வாலென்சே மாளிகைக்குச் சென்று யுத்தம் முடியும்வரை பத்திரமாயிருந்து திரும்பிற்று. அந்த வேலையை முன்னின்று நடத்திய அதிகாரி ஜாக் ஜோஜார் அவர்களின் பெயர் வரலாற்று நூல்களிலும் திரைப்படங்களிலும் வருகிறது. வரவேண்டியதே, அவர் தைரியசாலி. ஆனால் கயிற்றைப் பிடித்துச் சாய்ந்து நின்றவர்களில் ஒருவர் பெயரையாவது நாம் இதுவரை வாசித்ததில்லை.

கண்ணாடிப் பேழையின் முன் நின்று மூவரை மட்டும் எண்ணும்போது இத்தனையும் கண்ணுக்குத் தப்பிப் போகிறது. கூலிக்காரர் கையும் கலைஞர் கையும் நிபுணர் கையும் ஒன்றே என்று சொல்வது கூலிக்காரருக்கு மரியாதை செய்வதுபோல் தோன்றுகிறது. உண்மையில் அவருடைய கைக்கென்று தனியே ஓர் அறிவு உண்டென்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது. இருவரும் சமம் என்பது வேறு. இருவர் வேலையும் ஒன்றே என்பது வேறு. யூக்கல்ஸ் அம்மையார் முன்னதை நிலைநாட்ட வந்து பின்னதைச் சொல்லிவிட்டார் என்பதே நம் வழக்கு.

இங்கே நம் வீட்டுப் பொருளொன்றையும் நினைத்துப் பார்க்கலாம். சோழர் காலத்து வெண்கலத் திருவுருவங்களின் பீடத்தைக் கவனித்தவர்கள், அங்கே துளைகளோ வளையங்களோ இருக்கக் கண்டிருப்பார்கள். அவை அலங்காரமல்ல. உற்சவ நாளில் கழி செருகியும் கயிறு கட்டியும் தோளில் தூக்கிச் செல்வதற்காக அமைத்தவை. வார்த்த கருமானே, தூக்கப்போகும் ஆட்களை மனத்தில் வைத்து உலோகத்தில் இடம் விட்டிருக்கிறான். சிங்கப்பூரின் ஆசிய நாகரிகப் பொருட்காட்சிச்சாலை 2007-ல் வாங்கி, களவுப்பொருள் என்பது வெளிப்பட்டபின் 2015-ல் இந்தியாவிடம் ஒப்படைத்த ஸ்ரீபுரந்தான் உமையின் திருவுருவமும் இவ்வினத்ததே. இப்படிப்பட்ட உருவங்களின் கீழே எழுதும் சிறு அட்டையில் அரச வம்சம் இருக்கும், நூற்றாண்டு இருக்கும், உயரம் சென்டிமீட்டரில் இருக்கும். சுமந்தவர்களைப் பற்றி அட்டை பேசாது. பீடத்தின் துளை பேசும். எழுதிய அட்டையைவிட வார்த்த வெண்கலம் நேர்மையாக இருக்கிறதே என்று நாம் வியப்பதுண்டு.

இனி, கூலிக்கு வருவோம். கையறிவை அறிவென்று ஒப்புக்கொண்டால் அதற்கு விலை கொடுக்கவேண்டும். ஒப்புக்கொள்ளாதிருப்பதில் இப்படியோர் ஆதாயமும் உண்டு. 2019-ல் நியூயார்க் குக்கன்ஹைம் பொருட்காட்சிச்சாலையின் தூக்கி மாட்டும் ஊழியரும் பராமரிப்பு ஊழியரும் வாக்கெடுத்துத் தொழிற்சங்கம் சேர்ந்தனர். ஒப்பந்தம் கைகூட 2021 ஆயிற்று. 2022-ல் பிலடெல்பியா கலைப் பொருட்காட்சிச்சாலையின் சங்கத்தார், சம்பளத்திற்காகவும் வைத்தியச் செலவிற்காகவும் 19 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மத்தீஸின் சித்திரங்களைக் கொண்ட பெருங்காட்சி ஒன்று அங்கே திறக்கவிருந்த தருணம் அது. படங்கள் தாமே சுவரில் ஏறமாட்டா என்பதை அந்தப் பத்தொன்பது நாளில் நிர்வாகத்தார் நன்கு உணர்ந்திருப்பர். அக்டோபர் நடுவில் உடன்பாடு ஏற்பட்டது. அந்தக் காட்சியைப் பற்றி வந்த விமர்சனங்களில் வர்ணச் சேர்க்கையைப் பற்றி நிறையப் படிக்கலாம்.

யூக்கல்ஸ் அம்மையாருக்கு நாம் அநியாயம் செய்யலாகாது. பேழையோடு அவர் நின்றுவிடவில்லை. 1976-ல் நியூயார்க்கின் ஒரு பெரிய கட்டடத்தில் பராமரிப்பு வேலை செய்த 300 தொழிலாளரை அணுகி, நாளில் ஒரு மணி நேரம் தாம் செய்யும் வேலையைக் கலையென்று எண்ணிச் செய்யும்படி கேட்டுக்கொண்டார். படம் பிடித்து, இது வேலையா கலையா என்று அவர்களையே சொல்லவைத்தார். அடுத்து, அந்நகரத்துக் குப்பை அள்ளும் இலாகாவில் சம்பளமில்லாக் கலைஞராக அமர்ந்து, 1979-80-ல் ஏறக்குறைய 8,500 துப்புரவுத் தொழிலாளரை ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார். ஹார்ட்போர்டில் தொழிலாளியின் வேலையை வாங்கித் தம் பெயரில் முத்திரை குத்தினார்; இங்கே தம் முத்திரையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். இரண்டாவதே உயர்ந்தது என்பது நம் துணிபு. பேழையைப் பற்றிப் படித்த மாணாக்கர் அதனைக் கெட்டிக்காரத்தனமென்று கொண்டாடுகிறார்கள். கெட்டிக்காரத்தனந்தான். பதினோரு மாதம் தெருத் தெருவாகச் சென்று கைகுலுக்குவதற்கு அது போதாது.

எனினும் அந்த எட்டாயிரத்து ஐந்நூறு கைகளும் துடைக்கும் கைகளே, அள்ளும் கைகளே. தூக்கும் கைக்கு இன்னும் அப்படியொரு கலைஞர் வரவில்லையே என்னும் ஏக்கம் நமக்கு உண்டு. வருவாராயின், அவருக்கு ஒரு பழைய சம்பவத்தை ஞாபகப்படுத்தி நிறுத்திக்கொள்கிறோம்.

யுத்தகாலத்தில் லண்டன் தேசிய சித்திரசாலையின் படங்களும் ஊரைவிட்டுப் போயின. 1941-ல் அவற்றை வேல்ஸ் நாட்டு மலையிலுள்ள மானாட் என்னும் பலகைக்கல் சுரங்கத்துள் கொண்டு வைத்தார்கள். வான் டைக் தீட்டிய, குதிரைமேல் அமர்ந்த முதலாம் சார்லஸ் மன்னரின் படம் போகும் வழியில் தண்டவாளப் பாலம் ஒன்று குறுக்கிட்டது. பாலத்தை உயர்த்த முடியாமல் அதன் கீழே சாலையையே வெட்டித் தாழ்த்தினார்கள். குண்டு விழும் நகரத்தில் வெறுஞ்சுவரைப் பார்த்து மக்கள் ஏங்கவே, 1942 முதல் மாதம் ஒரு படத்தை மலையிலிருந்து இறக்கி லண்டனுக்குக் கொண்டுவந்து காட்டலாயினர். அந்த வரிசையில் முதலாவதாக வந்த படம் தித்தியன் தீட்டியது. உயிர்த்தெழுந்த ஏசுநாதர், தம்மைத் தொட நீளும் மரியாளின் கையிலிருந்து விலகி நிற்கும் காட்சி. ‘என்னைத் தொடாதே’ என்பது அதன் பெயர். வேல்ஸ் மலையின் இருட்டில் அதனை அலமாரியிலிருந்து உருவியவர், பெட்டியிலிட்டவர், வண்டியில் ஏற்றியவர், லண்டனில் இறக்கிச் சுவரில் மாட்டியவர் எத்தனை பேரோ. மாதம் முடிந்ததும் அதனைக் கழற்றிக் கட்டி அதே வழியில் திருப்பியனுப்பினார்கள். அடுத்த மாதத்துப் படம் மலையிலிருந்து இறங்கிற்று.